பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தா பால்வாடில பேரு இல்லங்குறாங்க, சத்துமாவு பெட்டகம் பணம் எல்லாம் நின்னுபோச்சு, யாராச்சும் வழி சொல்லுங்க

தொண்டிக்கடல்_மருமக | மே 4, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம், இந்தக் குழுல நான் படிக்க மட்டும்தான் செய்வேன், இப்பதான் முதமுதலா எழுதுறேன், தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க. எனக்கு 22 வயசு, தலைப்பிரசவம், ஏழு மாசம் முடிஞ்சு எட்டு நடக்குது. கட்டிக் குடுத்தது தொண்டிப் பக்கம், அம்மா வீடு மண்டபத்துக்கு கிட்ட. வளைகாப்பு முடிஞ்சு போன மாசம்தான் இங்க கூட்டிட்டு வந்தாங்க. அங்க இருந்தவரைக்கும் பால்வாடில சத்துமாவு குடுத்தாங்க, கர்ப்பிணிகளுக்கு குடுக்குற ஊட்டச்சத்து பெட்டகம் ஒண்ணு வாங்கிட்டேன், ரெண்டாவது பெட்டகம் வர்றதுக்குள்ள கிளம்பி வந்துட்டேன். இங்க பால்வாடிக்கு போய் கேட்டா உன் பேரு எங்க லிஸ்ட்ல இல்லம்மா அங்கிட்டே போய் வாங்கிக்கங்குறாங்க. மாவு பாக்கெட்டுக்காக இந்த வயித்தத் தள்ளிக்கிட்டு பஸ் மாறி மாறி தொண்டி வரைக்கும் போக முடியுமா சொல்லுங்க.

கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்குற முத்துலெட்சுமி ரெட்டி திட்டப் பணம் 6,000 நாலாம் மாசம் வரணும்னாங்க, இன்னும் வரல. அவரு விசைப்படகு தொழிலு, ஏப்ரல் 15-ல இருந்து தடைக்காலம், அதனால கொச்சிப் பக்கம் படகு வேலைக்கு போயிட்டாரு. தடைக்கால நிவாரணம் 8,000-மும் மாமனார் கார்டுலதான் நாங்க இருக்கோங்குறதால அவுக கைக்குத்தான் போகும். நான் அதைக் கேக்கவும் முடியாது, கேட்டா வேற மாதிரி ஆயிரும்.

எனக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.6 தான் இருக்குன்னு போன வாரம் எழுதிக் குடுத்தாங்க. என்ன செய்யலாம்?

பாம்பன்_பாலம்82 | மே 4, இரவு 9:40

தங்கச்சி மொதல்ல பயப்படாதீக. ரேஷன் அரிசி எந்தக் கடையிலயும் வாங்கலாம், 2020-லயே கொண்டு வந்துட்டாங்க, ஆனா உங்க கார்டு மாமனார் கையில இருக்குறதால அத விடுங்க. பணம் வராததுக்கு நூத்துக்கு தொண்ணூறு அக்கவுண்ட் கோளாறுதான். எம் தங்கச்சிக்கு இப்படித்தான் நாலு மாசமா வரல வரலன்னு அலைஞ்சோம், கடைசில பாத்தா பத்தாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்குன்னு பள்ளிக்கூடத்துல ஓப்பன் பண்ணிக் குடுத்த அக்கவுண்டுல போய் விழுந்து கெடக்கு! அந்த பேங்க் புக்கு எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியல, அம்மா அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தாங்க. ஆதார் எந்த அக்கவுண்டோட கடைசியா இணைஞ்சிருக்கோ அங்கதான் பணம் போகும், நீங்க எழுதிக் குடுத்த அக்கவுண்டு நம்பருக்கு இல்ல. பேங்க்ல போய் ஆதார் எதுல இணைஞ்சிருக்குன்னு கேளுங்க, ரெண்டு நிமிச வேலை.

நேர்மைப்புலி | மே 4, இரவு 10:05

எல்லாமே இலவசமா வேணும். புள்ளைய பெத்துக்குறதுக்கும் அரசாங்கம் காசு குடுக்கணும், மாவும் குடுக்கணும். குடுத்த மாவ ஆட்டுக்கு கரைச்சு ஊத்துறத நானே எங்க ஊர்ல கண்ணால பாத்துருக்கேன். வரி கட்றவன் முட்டாள்.

நர்சம்மா_ஓய்வு | மே 4, இரவு 10:31

புலி தம்பிக்கு அப்புறம் பதில் சொல்றேன், மொதல்ல புள்ளைக்கு.

அம்மாடி, உன் பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த நம்பர், 12 இலக்கம் இருக்கும், தாய் சேய் நல அட்டைல எழுதியிருப்பாங்க. அது உன் கூடவே வர்ற நம்பரு, தொண்டியில போட்டாலும் மண்டபத்துல போட்டாலும் ஒண்ணுதான், புது நம்பர் போட விட்டுறாத. ஒரு சிலர் இங்க புதுசா பதிவு பண்ணுங்கன்னு சொல்லிருவாங்க, அப்படி ரெண்டு நம்பர் ஆச்சுன்னா பணமும் முடங்கும் பிறப்புச் சான்றிதழ் வாங்குறப்பவும் இழுபறி ஆகும். நாளைக்கே அட்டைய எடுத்துக்கிட்டு அம்மா வீட்டு ஏரியா கிராம சுகாதார செவிலியர பாரு. வெறுமனே ஊசி போட வந்துருக்கேன்னு சொல்லாத, பிரசவம் வரைக்கும் அதுக்கப்புறமும் இங்கதான் இருப்பேன்னு சொல்லு. அவங்க உன்னை விருந்தாளித் தாயா குறிச்சு செக்கப் எல்லாத்தையும் அதே நம்பர்ல ஏத்துவாங்க. ரெண்டாவது பெட்டகத்தையும் அவங்ககிட்டயே கேளு, அது ஆரம்ப சுகாதார நிலையத்து சாமான், பால்வாடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நெறைய பேரு இது ரெண்டையும் போட்டு குழப்பிக்குவீங்க. மாவு, முட்டை பால்வாடி. பெட்டகம், பணம், மாத்திரை எல்லாம் நாங்க.

பணம் மொத்தம் 18,000. அதுல 14,000 காசு, மீதி 4,000-க்கு ரெண்டு பெட்டகம். முன்னாடி அஞ்சு தவணையா பிச்சுப் பிச்சுக் குடுத்தாங்க, 2024-ல இருந்து மூணுதான்: கர்ப்பத்துல நாலாம் மாசம் 6,000, புள்ளை பொறந்து நாலாம் மாசம் 6,000, ஒம்பதாம் மாசம் 2,000. பின்ன ரெண்டும் தடுப்பூசியோட கோத்தது, ஊசி தவறுனா பணமும் தவறும். மத்திய அரசோட பிரதமர் மாத்ரு வந்தனா பணமும் இதுக்குள்ளதான் சேந்து வருது, தனியா எதிர்பாக்காத. மொத ரெண்டு பிரசவத்துக்குத்தான், வயசு 19 முடிஞ்சிருக்கணும், உனக்கு அதுல பிரச்சினையில்ல.

8.6 எல்லாம் பயப்படுற அளவு இல்ல, ஆனா அசட்டையா விடுற அளவும் இல்ல. 11-க்கு கீழ ரத்தசோகை, 7-க்கு கீழ போனா ரொம்ப ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரைய டீயோட சேத்து முழுங்குறியா? அங்கதான் பாதிப் பேரு தப்பு பண்றாங்க. டீ குடிச்சு ஒரு மணி நேரமாவது கழியட்டும். எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு. கருப்பா வெளிக்கு போகுதுன்னு நிறுத்திறாத, அது அப்படித்தான் போகும். செக்கப்புல மறக்காம இரும்புச்சத்து ஊசி போடணுமா டாக்டரம்மான்னு கேளு, எட்டு மாசத்துல மாத்திரை மட்டும் போதுமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.

பால்வாடி_டீச்சர் | மே 4, இரவு 11:02

நர்சம்மா சொன்னது முழுக்க சரி. பால்வாடி பக்கத்தை நான் சொல்றேன், 19 வருசமா இந்த வேலைல இருக்கேன், எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன்.

போஷன் ட்ராக்கர்னு ஒரு ஆப்பு, எல்லாமே இப்ப அதுலதான். ஒரு கர்ப்பிணி பேரு ஒரு நேரத்துல ஒரு மையத்துலதான் இருக்க முடியும். இங்க சேக்கணும்னா தொண்டியில இருக்குற டீச்சர் உன் பேரை விடுவிச்சு மாத்தி அனுப்பணும், இங்க உள்ள டீச்சர் ஏத்துக்கணும். ஆப்புலயே அந்த வசதி இருக்கு. இங்க இருக்குற டீச்சர் பேரு இல்லன்னு சொன்னது பொய்யில்ல, ஆனா அங்கிட்டே போய் வாங்கிக்கன்னு சொன்னதுதான் தப்பு. அந்த டீச்சர் போன் நம்பர் உங்கிட்ட இருக்கும்ல, ஒரு போன் போட்டு ரெண்டு டீச்சரையும் பேச வச்சிரு.

இனிமேதான் சிக்கல். 2025 ஜூலைல இருந்து மாவு பாக்கெட் குடுக்கணும்னா முகத்த போட்டோ எடுத்து ஆதார் போட்டோவோட ஒத்துப்போகணும். மொத தடவ ஆதார்ல இருக்குற போன் நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னாத்தான் உள்ளயே போகும். உன் ஆதார்ல எந்த நம்பர் இருக்கு?

தொண்டிக்கடல்_மருமக | மே 4, இரவு 11:08

டீச்சர் அங்கதான் மாட்டிக்கிட்டேன். கல்யாணம் ஆகி அட்ரஸ் மாத்துனப்ப அவரு நம்பரதான் குடுத்தேன். தொண்டில இருக்கும்போது அவரு வீட்டுல இருந்த அன்னிக்கு பதிஞ்சாங்க, அதுனால தெரியல. இப்ப அவரு கடல்ல. படகு வெளிய போனா எட்டு நாளு பத்து நாளு கழிச்சுத்தான் கரை ஏறுவாங்க, டவர் கிடையாது. ஓடிபி பத்து நிமிசத்துல செத்துப்போயிரும்.

கீழக்கரை_காக்கா | மே 4, இரவு 11:30

ஓடிபி கடலுக்குள்ள போயிருச்சு 😂 சிரிக்கக் கூடாது தங்கச்சி மன்னிச்சுக்க, ஆனா எங்க வீட்டுலயும் இதே கதைதான், மச்சான் துபாய்ல, ராத்தா ஆதார் நம்பர் மச்சான் போன்ல, அது அங்க ராத்திரி சுவிட்ச் ஆஃப். ஆம்பளைங்க எங்கிட்டு போனாலும் பொம்பளைங்க ஆதாரையும் சட்டைப் பைல போட்டுக்கிட்டே போறாங்க.

சின்னப்பாலம்_பாசி | மே 5, காலை 5:15

இப்பதான் கடலுக்கு கிளம்புறேன், எம் மகதான் டைப் பண்ணுது. ஓடிபி பிரச்சினைய பத்தி நெறைய பேசிட்டீக, விரலப் பத்தி யாரும் பேசலயே. நாங்க கடல்பாசி எடுக்குறவுக, கட்டக்கோரை மரிக்கொழுந்துங்குற பாசியெல்லாம் பாறையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், துணியச் சுத்திக்கிட்டுத்தான் பிக்குறது, இருந்தாலும் முருங்கைக்கல்லுல (பவளப்பாறை) உரசி உரசி விரல் நுனி வழுவழுன்னு ஆயிரும். ரேஷன் கடைல வச்சா ரேகையே விழாது. பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சுப் பாப்பாங்க, எண்ணெய் தடவித் துடைச்சு வச்சுப் பாப்பாங்க, பின்னாடி நிக்கிற கூட்டம் கத்தும். இப்ப கண்ணு பாக்குற மிஷின் வந்த பொறவு பரவால்ல, அதுவும் நெட்டு இருந்தா.

இன்னொண்ணு, அமாவாசை பவுர்ணமி ஒட்டுன நாளுல நாங்க விடியுமுன்ன போனா மதியந்தான் வருவோம். பால்வாடி அதுக்குள்ள மாவு குடுத்து முடிச்சுரும். எம் மருமக பேருல இருந்தத நான் வாங்க முடியாது, முகம் அவ முகமால்ல இருக்கணும். முந்தியெல்லாம் மாமியா போனாலும் குடுப்பாக, ஆயா வீட்டுல கொண்டாந்து குடுத்துட்டுப் போகும். திருட்டப் பிடிக்கப் போறேன்னு எங்களப் பிடிச்சு வச்சுருக்காக.

பால்வாடி_டீச்சர் | மே 5, மதியம் 1:20

ஆத்தா நீங்க சொல்றது எனக்கு நெஞ்சுல குத்துது, ஆனா உண்மை. எங்க மையத்துல ஒரு பொண்ணு ஆதார்ல இருக்குற போட்டோ எட்டாம் வகுப்புல எடுத்தது, ரெட்டைச் சடை ரிப்பன். இப்ப கர்ப்பத்துல முகம் வீங்கியிருக்கு, ஒத்துப்போகவே இல்ல. வாசல்ல நிக்க வச்சு எடுத்தோம் வேப்பமரத்தடில எடுத்தோம் பொட்ட எடுத்துட்டு எடுத்தோம், பதினோராவது தடவைதான் பச்சை வந்துச்சு. அந்த நேரத்துல உள்ள புள்ளைங்க என்ன பண்ணுதுகளோன்னு எனக்கு பதட்டம். நானும் ஆயாவும் ரெண்டே பேரு. சமைக்கணும், பாடம் நடத்தணும், எடை பாக்கணும், ஆப்பு பாக்கணும்.

இதையும் சொல்லிர்றேன், திருட்டே நடக்கலன்னு நான் சொல்ல மாட்டேன். ஊருல இல்லாத புள்ள பேரெல்லாம் ரிஜிஸ்தர்ல இருந்த காலமும் உண்டு. அதுனால பேரை ஒழுங்கு பண்ணது தப்பில்ல. பச்சை வரலன்னா பாக்கெட் இல்லன்னு சொல்ற அந்த எடம்தான் தப்பு. வயித்துல புள்ளையோட கண்ணு முன்னாடி நிக்கிறா, அவதான் அவன்னு ஊருக்கே தெரியும்.

தொண்டி மருமகளே, ஆதார் நம்பரை மாத்துறதுக்கு மண்டபம் போஸ்ட் ஆபீஸ்ல கேளு. போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து போன் நம்பரை மாத்திக் குடுக்குற வசதி இருக்கு, உன் விரல் வச்சா போதும், பழைய நம்பருக்கு ஓடிபி போகத் தேவையில்ல.

நேர்மைப்புலி | மே 5, மதியம் 2:10

ஆட்டு மாவுக்கு யாரும் பதில் சொல்லலயே.

நர்சம்மா_ஓய்வு | மே 5, மாலை 4:45

சொல்றேன் தம்பி. ஆட்டுக்கு போட்டாங்க, நானும் பாத்துருக்கேன். ஏன் போட்டாங்கன்னு அந்த வீட்டுக்குள்ள போய் கேட்டியா? நான் கேட்டேன். ஒரு வீட்டுல மாவுல புழு. இன்னொரு வீட்டுல அத எப்படி சாப்பிடுறதுன்னு யாரும் சொல்லித் தரல, பச்சையா வாயில போட்டா மேலண்ணத்துல ஒட்டிக்கும், புள்ள துப்பிருச்சு. கோதுமை கேழ்வரகு வெல்லம் கடலை எல்லாம் கலந்ததுதான், கொஞ்சம் வெந்நி ஊத்திப் பிசைஞ்சு தேங்காப்பூ போட்டு உருண்டை புடிச்சா சாப்பிடாத புள்ளைய நான் பாத்ததில்ல. கொழுக்கட்டை அவிக்கலாம், அடை தட்டலாம்.

ஒரு விசயம் சொல்றேன், சாயல்குடிப் பக்கம் நான் வேலை பாத்தப்ப நடந்தது. மாசி பங்குனி வந்தா பனையேறிக் குடும்பங்க பதனி இறக்க பனங்காட்டுக்குள்ள குடிசை போட்டுப் போயிருவாங்க, ஆவணி வரைக்கும் அங்கதான். வீட்டுக்காரர் மரம் ஏறுவாரு, பொம்பள நாள் முழுக்க அடுப்புல கருப்பட்டி காய்ச்சுவா. 14 மாசப் புள்ள ஒண்ணு. கையில டேப் சுத்திப் பாத்தேன், 11 சென்டிமீட்டர். 11.5-க்கு கீழ போனாலே சிவப்பு, புள்ள ரொம்ப மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஊருப் பால்வாடி ரிஜிஸ்தர்ல "வெளியூர்"னு எழுதி மூடிட்டாங்க, காட்டுக்குப் பக்கத்து பால்வாடில "நம்ம ஏரியா இல்ல". நாலு மைலு தூரத்துல ரெண்டு பால்வாடி இருந்தும் அந்தப் புள்ளைக்கு நாலு மாசமா முட்டையும் இல்ல மாவும் இல்ல. காய்ச்சுற கருப்பட்டில இருந்து ஒரு துண்டு வாயில வச்சு விட்டு தூங்கப் போட்டுருவா அந்தத் தாயி. அவ சோம்பேறியா? அடுப்ப விட்டு எந்திரிச்சா பாகு கருகிப் போகும், அன்னிக்கு கூலி போச்சு. ஆஸ்பத்திரில சேத்து தேத்தி எடுத்தோம், இப்ப அது ஆம்பளைப் பய மீசை வச்சுருப்பான்.

இப்ப இருந்திருந்தா ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டத்துல பிடிச்சிருப்பாங்க, 2022 மே மாசம் ஊட்டில ஆரம்பிச்சது. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்குற எடை குறைஞ்ச புள்ளைக்குன்னா தாய்க்கு பெட்டகம், ரொம்ப மெலிஞ்ச பெரிய புள்ளைக்கு தனி சத்து உணவு 56 நாளு. நல்ல திட்டம். ஆனா அதுக்கும் புள்ளைய யாராச்சும் எடை போட்டுப் பாத்துருக்கணும்ல, பனங்காட்டுக்குள்ள யாரு போறது.

வரிப்பணம்னா சோப்பு வாங்குனா அந்தத் தாயியும் வரி கட்டுறாதான் தம்பி.

நேர்மைப்புலி | மே 5, மாலை 5:02

சரி சரி. புழு இருந்தா எங்க புகார் பண்றது? எங்க அண்ணன் வீட்டுலயும் ஒரு தடவை இருந்துச்சு.

பால்வாடி_டீச்சர் | மே 5, மாலை 5:30

மொதல்ல பாக்கெட்ட டீச்சர்கிட்டயே திருப்பிக் குடுங்க, தேதி பாத்து மாத்தித் தருவாங்க, எங்களுக்கும் அது தெரிஞ்சாத்தான் மேல எழுத முடியும். அப்புறமும் நடக்கலன்னா போஷன் ஹெல்ப்லைன் இருக்கு. ரேஷனுக்கு 1967. ஆஸ்பத்திரி விசயம்னா 104. அதுவும் ஆகலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு, கர்ப்பிணிய வரிசைல நிக்க வைக்க மாட்டாங்க.

நியூஜெர்சி_ராமநாதபுரத்தான் | மே 6, காலை 7:50

நம்ம ஊரு இழையப் பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. அமெரிக்காலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, விக் அப்படின்னு சொல்வாங்க. 1972-ல சோதனையா ஆரம்பிச்சு 1975-ல நிரந்தரமாக்குனாங்க, நம்ம அங்கன்வாடித் திட்டமும் அதே 1975 அக்டோபர் 2-தான், ரெண்டும் ஒரே வயசு. கர்ப்பிணி, பால் குடுக்குற தாய், அஞ்சு வயசு வரைக்கும் புள்ளைங்க. வருமானம் ஒரு அளவுக்கு கீழ இருக்கணும், அவங்க வறுமைக் கோட்டுக்கு 185 சதவீதம். பாக்கெட் குடுக்க மாட்டாங்க, ஒரு கார்டு குடுத்துருவாங்க, கடைல போய் பால் முட்டை பயறு காய்கறி பழம்னு குறிச்ச சாமான வாங்கிக்கணும். கூட ஒரு ஆளு உக்காந்து தாய்ப்பால் குடுக்குறத பத்தி பேசுவாங்க. எனக்கு வேலை போயிருந்த வருசம் என் மனைவிக்கு அது கிடைச்சது, வெக்கப்பட்டுக்கிட்டேதான் போனோம், அங்க யாரும் எங்கள கேவலமா பாக்கல.

தாய்ப்பால் மட்டும் குடுக்குற தாய்க்கு டின்ல அடைச்ச மீனு குடுப்பாங்க. சாளை டின்னு! எனக்கு மண்டபத்து ஞாபகம் வந்துருச்சு.

பாம்பன்_பாலம்82 | மே 6, காலை 8:15

டின் சாளை 🤦 அண்ணே இங்க வாங்க, காரல் அவிச்சுத் தர்றோம். எங்க அம்மா பிள்ளை பெத்தவளுக்கு காரல் சொதிதான் வைக்கும், மஞ்சளு பூண்டு மிளகு சீரகம் தட்டிப் போட்டு, மூணாம் நாளே பால் நல்லா ஊறும்னு சொல்லும். அப்புறம் பால்சுறா புட்டு. டாக்டரு ஒத்துக்குவாரான்னு தெரியாது, எங்க பாட்டி ஒத்துக்குச்சு.

சின்னப்பாலம்_பாசி | மே 6, மதியம் 3:00

தடைக்காலத்துல காரலுக்கு எங்க போறது தம்பி. நாட்டுப் படகுல வர்றது கொஞ்சம், அதுவும் கரைல ஏலத்துக்கு போயிருது. ஜூன் 14 வரைக்கும் பிள்ளை பெத்தவ கருவாட்டுக் குழம்புதான். கடல் வாசல்ல கெடக்கு, வீட்டுல மீனு இல்ல. அந்த டின்னு எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு வந்தா வேணாம்னு சொல்ல மாட்டோம்.

கீழக்கரை_காக்கா | மே 6, மதியம் 3:25

ஆத்தா சொன்னது பாயிண்டு. 61 நாளு தடை. அந்த 61 நாளுலயும் மீனவ வீட்டுல கர்ப்பிணி இருந்தா கூடுதலா முட்டை குடுக்கலாம்ல? இப்ப பால்வாடில 2 வயசுக்கு மேல உள்ள புள்ளைக்கு வாரம் மூணு முட்டை, ஒண்ணாம் வகுப்பு போயிட்டா அரசுப் பள்ளில காலைல உப்புமா பொங்கல் கிச்சடி, மதியமும் சாப்பாடு. இப்படி புள்ள வளர வளர சோறு கூடுது. வயித்துல இருக்கும்போதும் பொறந்த புதுசுலயும்தான் தாயி அலையுறா.

தங்கச்சிமடம்_ஆல்வின் | மே 6, மாலை 6:40

நல்ல யோசனை காக்கா, ஆனா யாருகிட்ட சொல்றது. மீன்வளத் துறைகிட்ட போனா சாப்பாடு எங்க வேலை இல்லம்பாங்க, பால்வாடித் துறைகிட்ட போனா தடைக்காலம் எங்களுக்குத் தெரியாதும்பாங்க. மீனவப் பொம்பளைங்க சேமிப்புத் திட்டம் இருக்குல்ல, 1,500 கட்டுனா 4,500 வரும், அதையே மருமகளுக கையில குடுக்குற வீடு எத்தனை? எங்க வீட்டுல அது வலை வாங்கப் போயிருச்சு, பொய் சொல்ல விரும்பல.

தொண்டிக்கடல்_மருமக | மே 9, இரவு 8:30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வரிசையா சொல்றேன்.

பேங்க்ல போய் கேட்டேன். பாம்பன் அண்ணே உங்க வாய்க்கு சக்கரை போடணும். காலேஜுல சேந்தப்ப மாசம் 1,000 ரூபா புதுமைப்பெண் பணத்துக்காக ஒரு அக்கவுண்டு திறந்தேன், அதுலதான் ஆதார் இருக்கு. நான் குடுத்தது கல்யாணத்துக்கப்புறம் திறந்தது. 6,000 மார்ச் மாசமே அதுல விழுந்துருச்சு!! பேலன்ஸ் பாத்ததும் பேங்க் வாசல்லயே உக்காந்துட்டேன், எனக்கு அழுகையா வந்துச்சு, செக்யூரிட்டி அண்ணன் மயக்கம்னு நினைச்சு தண்ணி கொண்டாந்தாரு.

நர்சம்மா சொன்ன மாதிரி செவிலியர் அக்காவ பாத்தேன். அட்டைய பாத்துட்டு புதுசா போடலாம்னுதான் மொதல்ல சொன்னாங்க, நான் வேணாம்க்கா இந்த நம்பர்லயே பாருங்கன்னேன், யாரு சொல்லிக் குடுத்தான்னு சிரிச்சாங்க. பெட்டகம் அடுத்த வாரம் தர்றேன்னுருக்காங்க. டீய காலைல மட்டும் ஆக்கிட்டேன். இரும்புச்சத்து ஊசியும் ரெண்டு போடணும்னுட்டாங்க டாக்டர்.

தொண்டி டீச்சர் பேரை விடுவிச்சுட்டாங்க, நல்லவங்க, புள்ள பொறந்ததும் போட்டோ அனுப்புன்னாங்க. போஸ்ட்மேன் நேத்து வந்து என் நம்பரை மாத்த விரல் வாங்கிட்டுப் போனாரு, கொஞ்ச நாள் ஆகுமாம்.

அவரு நேத்து ராத்திரி கரை ஏறுனதும் போன் பண்ணுனாரு, 46 மெசேஜ் இருக்குடி என்ன ஓடிபி ஓடிபின்னு, எவனாச்சும் பேங்க்ல திருடுறானான்னு பதறிட்டாரு.

கீழக்கரை_காக்கா | மே 9, இரவு 8:41

46 😂😂 அல்லா

நர்சம்மா_ஓய்வு | மே 9, இரவு 9:10

ரொம்ப சந்தோசம் தாயி. அந்த 6,000-த்த யாருகிட்டயும் பத்திரமா வைக்கக் குடுக்காத. பேரிச்சம்பழமும் நெய்யும் பெட்டகத்துல வரும், அத வீட்டு ஆம்பளைங்க பங்கு போட விடாத, உன் தலைமாட்டுல வச்சுக்க. பிரசவம் அரசு ஆஸ்பத்திரின்னா சாப்பாடு ஆஸ்பத்திரிலயே இலவசம், சுகப்பிரசவம்னா மூணு நாளு, ஆபரேசன்னா ஏழு நாளு. வீட்டுல கொண்டு விட தாய் சேய் ஊர்தி 102. ஆட்டோவுக்கு காசு குடுத்துறாதீங்க.

பொறந்த உடனே சீம்பால பீச்சி ஊத்தச் சொல்லுவா எவளாச்சும், காதுலயே வாங்காத. ஆறு மாசத்துக்கு தாய்ப்பால் மட்டும்தான், தேனு கழுதைப்பால் சக்கரைத் தண்ணி எதுவும் கிடையாது.

தொண்டிக்கடல்_மருமக | மே 9, இரவு 9:15

சரிம்மா. கழுதைப்பாலுக்கு எங்க அத்தை ஏற்கனவே ஆளு சொல்லி வச்சுருக்காங்க 😅

நர்சம்மா_ஓய்வு | மே 9, இரவு 9:16

அத்தை நம்பரக் குடு.

தொண்டிக்கடல்_மருமக | மே 21, மாலை 5:50

இன்னிக்கு மாவு பாக்கெட் வாங்கிட்டேன்!! ஓடிபி என் போனுக்கே வந்துச்சு. போட்டோ நாலாவது தடவை பச்சை ஆச்சு, மூக்குத்தி மின்னுதுன்னு கழட்டச் சொன்னாங்க. நர்சம்மா சொன்ன மாதிரி அம்மா வெந்நில பிசைஞ்சு தேங்காப்பூ ஏலக்கா போட்டு உருண்டை புடிச்சு தட்டுல வச்சாங்க, நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அண்ணன் மகன் ஏழுல அஞ்ச தின்னுட்டான், ரெண்டரை வயசுதான், வாய் பூரா வெல்லம்.

பால்வாடி_டீச்சர் | மே 21, மாலை 6:20

ரெண்டரை வயசா? அவன் பேரு அங்க பால்வாடில இருக்கா? அவன் முட்டை எங்க போகுது?

தொண்டிக்கடல்_மருமக | மே 21, மாலை 6:24

மதினி அவங்க அம்மா வீடு ஏர்வாடில பதிஞ்சதுன்னு சொன்னாங்க டீச்சர். இங்க வந்து ஒரு வருசம் ஆச்சு.

பால்வாடி_டீச்சர் | மே 21, மாலை 6:25

மதினி ஆதார்ல யாரு நம்பரு?

தொண்டிக்கடல்_மருமக | மே 21, மாலை 6:31

அண்ணன் நம்பரு. அண்ணனும் கொச்சிலதான் இருக்கான் டீச்சர். நாளைக்கு காலைல போஸ்ட்மேன் வருவாரு, மதினிய வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டேன்.